சொந்தக்காரர் இல்லாத நிறம்

ஏர்வாடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
என் பிளக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில்
எங்கள் ஊர்ப் பிரசிடெண்ட் எலெக்‌ஷன் மொத்தமும் இருந்தது,
மூன்று கோப்புகளாக.

மேலத்தெருக்காரருக்கு அவர் ஆட்கள் கட்டும் கயிற்றின் நிறம்.
கீழத்தெருக்காரருக்கும் அப்படித்தான்.
கேட்கவே வேண்டாம்,
ஆறாம் வகுப்புப் பையன்களின்
மணிக்கட்டைப் பார்த்தால் போதும்.

தளவாய் அண்ணாச்சி கடைசியாக வந்தார்.
மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டராக இருந்து ரிட்டயரானவர்.
இரண்டு தெருப் பசுக்களுக்குள்ளும்
தோள்வரை கைவிட்டுக் கன்று எடுத்தவர்.
"யாருக்கும் சொந்தமில்லாத நிறமாப் போடும் வே" என்றார்.

தேடினோம்.
பச்சை ஒரு கட்சி. நீலம் ஒரு சிலை.
மஞ்சள் அந்தத் தெரு,
பக்கத்தில் சிவப்பு வைத்தால் இந்தத் தெரு.
காவியை இரண்டு பேருமே தாண்டிப் போனோம்.
ரோஸ் போட்டால் சடங்கு வீட்டு அழைப்பு.
கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது.
கடைசியில் சாம்பல்.
கும்பிட்ட கை, கீழே பெயர்:
அசல் கண்ணீர் அஞ்சலி.
அண்ணாச்சி குலுங்கிச் சிரித்தார்.
"இதே இருக்கட்டும். பின்னால ஒரு நாள் உதவும்லா."

அவர் சொன்னது ஒரே ஒரு காரியம்.
நம்பியாற்றுக் காலில்
மூணு நாள் மேல்மடை, மூணு நாள் கீழ்மடை,
ஏழாம் நாள் குளத்துக்கு.
மேலத்தெருவில் கேட்டார்கள்: "அவனுவளுக்கும் மூணு நாளா?"
கீழத்தெருவில் கேட்டார்கள்: "அவனுவளுக்கும் மூணு நாளா?"
ஒரு எழுத்துகூட மாறாமல்
இரண்டு தெருவும் பேசி
அன்றுதான் கேட்டேன்.

வாழைக்காய் மண்டியில், சலூனில், ரேஷன் வரிசையில்
"நல்ல மனுசன்" என்றார்கள் அவரை.
எங்கள் பக்கம் அது வாக்கியத்தின் பாதி.
மீதி, குரல் தாழ்த்தி வரும்:
"ஆனா ஜெயிக்க மாட்டாரு.
அவன் வந்திரக் கூடாதுன்னா
இவனுக்குத்தான் குத்தணும். வேற வழி?"
பால் சொசைட்டி ராமலட்சுமி சொன்னாள் இதை.
போன பங்குனியில் அவள் எருமையைப் பிழைக்க வைத்தவர் அவர்.

களக்காட்டுப் பள்ளிக்கூடத்தில் எண்ணினார்கள்.
இளஞ்சிவப்புச் சீட்டுகளை ஐம்பது ஐம்பதாகக் கட்டி,
ரப்பர் பேண்டு அறுந்து, மறுபடி கட்டி,
ராத்திரி பதினொன்றே கால்.
மேலத்தெரு நானூற்றுப் பன்னிரண்டு.
தளவாய் முந்நூற்றுத் தொண்ணூற்றேழு.
கீழத்தெரு முந்நூற்று எண்பத்தெட்டு.
செல்லாதது நாற்பத்தாறு,
பாதிக்குமேல் இரண்டு சின்னங்களுக்கு நடுவே
கோட்டின்மேல் விழுந்த முத்திரை.
நடுவில் குத்தினால் செல்லாது.
அப்படித்தான் சட்டம்.

மறுநாளிலிருந்து ஆட்கள் வந்தார்கள்,
கல்யாண பேனருக்கு, ஆதார் நகலுக்கு,
போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள்:
"இவ்வளவு வாங்குவாருன்னு தெரிஞ்சிருந்தா
நானே போட்டிருப்பேன்."
விளையாட்டாக விரல்விட்டு எண்ணினேன்.
பதினைந்து, செவ்வாய்க்கிழமையே தாண்டிவிட்டது.
எண்ணிய விரல்களில் ஒன்றில்
நகத்தோரம் கத்திரிப்பூ மை
இன்னும் போகவில்லை.
அந்த நிறத்தை அன்றைக்கு யோசிக்கவே இல்லை நாங்கள்.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி வந்தார்.
நன்றி நோட்டீஸ், இருநூறு.
"அதே சாம்பல், அதே போட்டோ.
வாக்களித்த, வாக்களிக்காதன்னு பிரிக்காதயும்,
சும்மா நன்றின்னு போடும்."
முன்பணத்தை மேசையில் வைத்தார்.
வேண்டாம் அண்ணாச்சி என்றேன்.
வாங்கியிருக்கலாம்.
போன தடவை பைசா குறைக்காமல் வாங்கியவன்தானே நான்.
"ஏன் வே?" என்றார்,
சினையா இல்லையா என்று பார்க்கிற கண்ணால்
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு நோட்டை எடுத்து
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
வேறு எதுவும் கேட்காமல்
மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்தார்.